பார்க்காத பாலங்கள்

மதிப்பான் ஹெப்சிபாவின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருந்தது. காரணம் ஒரே வரி: துல்லியம் அறுபத்தொன்று, தேர்ச்சிக்குத் தொண்ணூறு வேண்டும்.

முதுநிலைப் பொறியியலில் மனிதர்கள் ஆய்வேடு திருத்துவது எப்போதோ நின்றுவிட்டது. பாலத்தின் அதிர்வைக் கேட்டு விரிசலைச் சொல்லும் கற்பொறியை, அதாவது தானே கற்கும் கணினி நிரலை, மாணவர்கள் பழக்குவார்கள். அது தேறுமா என்பதை மதிப்பான் என்ற இன்னொரு கற்பொறி முடிவு செய்யும். இது ஹெப்சிபாவின் கடைசி வாய்ப்பு.

"போன மாசம் தொண்ணூத்தொம்பது காட்டுச்சே, நல்லா இருந்ததை எதுக்குப் போய் நோண்டுன?" என்றான் உடன் படிக்கும் தவசி. அவனுடையது தேறிவிட்டது.

"அது காப்பியடிச்ச மார்க்குடா."

"மார்க்குல காப்பி மார்க்கு, சொந்த மார்க்குன்னு தனியா அச்சடிக்கிறாங்களா?"

அவள் பேராசிரியை நஸ்ரீனின் அறைக்குப் போனாள்.

"எல்லா அதிர்வுப் பதிவையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் பிரிக்கிறோம் மேடம். ஒரே பாலத்தோட ஒரு நொடி பாடத்துல, அடுத்த நொடி பரீட்சைல. கற்பொறி விரிசலைக் கத்துக்கலை, பாலத்தை அடையாளம் வச்சுக்கிச்சு. நான் சில பாலங்களைக் கண்ணுலயே காட்டாம வச்சிருந்து கேட்டேன். அறுபத்தொண்ணுதான் வந்துச்சு."

"கலைச்சுப் பிரிக்கிறதுதாம்மா முறை. நானும் அப்படித்தான் செஞ்சேன். மதிப்பான் தப்புன்னு நிரூபணமானாதான் அதை மீறி நான் கையெழுத்துப் போட முடியும்."

"அது தேற விட்டதுல ஒண்ணை எடுங்க மேடம். நான் ஒளிச்சு வச்ச பாலங்களைக் கேக்க வச்சுப் பாப்போம்."

நஸ்ரீன் தமக்கு மிகவும் நம்பிக்கையானதை எடுத்தார். அது அவரே மாணவியாக இருந்தபோது பழக்கியது. ஊருக்குள் நுழையும் வழியிலுள்ள ஆற்றுப்பாலத்தை இன்று அதுதான் காவல் காக்கிறது. அதை நம்பித்தான் ஆள் வைத்துப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒளித்து வைத்த பாலங்களில் பாதி விரிசல் கண்டவை. காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது வரும்.

திரையில் ஐம்பத்து மூன்று வந்தது.

"ஆத்துப்பாலம் உங்க பயிற்சிப் பதிவுல இருந்துச்சா மேடம்?"

"இல்லை." அவர் கைபேசியை எடுத்து மகளை அழைத்தார். "ஷிஃபா, பஸ் எங்கம்மா வருது? பாலத்துக்கு முன்னாடியே இறங்கிடு. சுத்திக்கிட்டு வா."

அவர் பேசி முடிக்கும்வரை ஹெப்சிபா காத்திருந்தாள். "பஸ்ல மத்தவங்க இருக்காங்களே மேடம்?"

பாலத்தை மூடவும் மதிப்பானின் தவற்றை எழுதிக் கொடுத்தாக வேண்டும். நஸ்ரீன் அதை எழுதிக் கையெழுத்திட்டார். ஹெப்சிபாவின் ஆய்வேட்டிலும் இட்டார்.

அந்த மணி நேரத்திலேயே பாலம் மூடப்பட்டது. மதிப்பான் இதுவரை வழங்கிய பட்டங்கள் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன.

மறுநாள் ஹெப்சிபாவின் ஆய்வேடு மீண்டும் திரும்பி வந்தது. இம்முறையும் காரணம் ஒரே வரி: கையெழுத்திட்டவரின் பட்டம் செல்லாது.