நெல்லோவின் பின்சக்கரம்

காலை எட்டரைக்கு நான் அக்கா வீட்டு வாசலில் சைக்கிளோடு போய் நின்றபோது, மச்சான் ஒத்தோரினோ கண்ணாடி முன்னால் நின்று தொடைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அறுபத்தோரு வயது. ஊரின் ஒரே பல் டாக்டர், எங்கள் சைக்கிள் சங்கத்தின் தலைவர். தொடையில் ஒரு முடி கிடையாது, வாரம் ஒருமுறை மழித்துவிடுவார். முடி இருந்தால் காற்று தடுக்குமாம். வயிறு தடுப்பதைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

அக்கா ஒர்னெல்லா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அமேதியோ, நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சு நாலு மாசம்தான் ஆகுது. சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீ அவரை விட்டு நகரக் கூடாது. முழுசா வீடு கொண்டுவந்து சேர்த்துடு."

"மருந்துக்கடைக்காரன்கிட்டதானே சொல்றே? பத்திரமா பொட்டலம் கட்டிக் கொண்டாரேன்."

"கிண்டலை விடு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

நவம்பர் முதல் ஞாயிறு அது. செத்தவர்களின் கல்லறையில் சாமந்தி வைக்கும் வாரம். அன்றைக்கு ஒவ்வொரு வருடமும், செத்துப்போன எங்கள் கூட்டாளி நெல்லோவின் நினைவாக எங்கள் சங்கம் சைக்கிள் ஓட்டும். முதலில் காட்டு மலை ஏற்றம், பிறகு இறக்கம், பிறகு ரோவெஸ்கா ஏரிக்கரையோரம் ஒன்பது கிலோமீட்டர் ஆளரவமற்ற சாலை. கடைசியில் ரோவெஸ்கா ஊர்ப்பலகை. பலகையை முதலில் தாண்டுகிறவனுக்கு மற்றவர்கள் காபி வாங்கித் தர வேண்டும். அந்தக் காபிக்காக எங்கள் ஆட்கள் பெற்ற தாயையும் முந்துவார்கள்.

சைக்கிள்காரர்களுக்கு மதம் ஒன்றுதான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவன் சொகுசாக வருவான். முன்னவன் களைத்தால் முழங்கையை ஒரு ஆட்டு ஆட்டுவான். 'உன் முறை, வா' என்று அர்த்தம். பின்னவன் முன்னால் போக வேண்டும். மச்சான் முப்பது வருடமாக ஒருமுறைகூடப் போனதில்லை. முழங்கை ஆடும்போதெல்லாம் அவருடைய கியரில் ஏதோ கோளாறு வந்துவிடும், குனிந்து பார்ப்பார். கடைசி முந்நூறு மீட்டரில் கோளாறு தானாகவே சரியாகிவிடும். பலகையை அவர்தான் முதலில் தாண்டுவார். பிறகு காபியோடு விடாமுயற்சி பற்றி ஒரு சொற்பொழிவு.

நெல்லோ சுவர் பூசுகிற தொழிலாளி. முதுகு ஒரு கதவு அகலம். மச்சானுக்கு அந்த முதுகு மிகவும் பிடிக்கும். பதினொரு வருடம் முன்பு இதே நவம்பரில் ஒரு மூடுபனிக் காலையில், பலகைக்குச் சற்று முன்னால், கைப்பிடிச் சுவர் உடைந்திருந்த வளைவில் அவன் ஏரிக்குள் போனான். "எனக்குப் பின்னாடி எங்கேயோ தங்கிட்டான்னு நெனச்சேன்" என்றார் மச்சான். ஐந்து வாரம் கழித்து மேலே வந்தான். அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். விலாங்கு மீன்கள் வாயிலிருந்து ஆரம்பித்திருந்தன. அதற்கு மேல் சொல்ல மாட்டேன், நீங்கள் சாப்பிட வேண்டும்.

அடுத்த மாதமே மச்சான் சங்கத்துக்குப் புதுச் சட்டை வடிவமைத்தார். பழைய கடுகு மஞ்சள் துக்கத்தை நினைவூட்டுகிறதாம்.

ஏற்றத்தில் மற்ற ஐந்து பேரும் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நானும் மச்சானும் மட்டும் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, ஏரிச்சாலைக்கு வந்தபோது பனி பாலாடை மாதிரி கட்டியாக நின்றது. ஏரி தெரியவில்லை. கரையில் தண்ணீர் நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

முன்னால் ஒரு முதுகு தெரிந்தது.

அகலமான முதுகு. மச்சான் யார் என்ன என்று பார்க்கவில்லை. எச்சில் இலையைப் பார்த்த நாய் மாதிரி பாய்ந்து அந்தப் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நான் அவர் பின்னால் ஒட்டினேன்.

"யாருய்யா இவன்? நல்லா இழுக்குறான்!" என்றார் மகிழ்ச்சியாக.

சாலை காய்ந்துதான் இருந்தது. ஆனால் அந்தச் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறித்தது. ரேஸ் சைக்கிளுக்கு மட்கார்ட் போடுவது கௌரவக் குறைச்சல் என்பது மச்சானின் சட்டம். எனவே தெறித்ததெல்லாம் நேராக அவர் முகத்துக்குப் போனது. மூச்சிரைக்கத் திறந்திருந்த வாய்க்குள்ளும் போனது. அவர் விழுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

நாற்றம் எனக்கு வந்து சேர்ந்தது. கல்லறைச் சாடியில் ஒரு மாதம் அழுகிய சாமந்தித் தண்டுத் தண்ணீர். அதற்குள் மீன் குடல்.

"மச்சான், விலகுங்க."

"சும்மா இருடா. இங்க காத்தே இல்ல."

"என்னத்த முழுங்குறீங்கன்னு பாருங்க!"

புறங்கையால் வாயைத் துடைத்தார். கையில் பச்சையாக ஏதோ இழைந்து நீண்டது. உதறிவிட்டு, இன்னும் நெருங்கி ஒட்டினார்.

முன்னால் போனவனின் சட்டை கடுகு மஞ்சள்.

சட்டையின் முதுகுப் பைகள் மூன்றும் தண்ணீரில் உப்பித் தொங்கின. நடுப்பையில் ஏதோ சுருண்டு திரும்பிப் படுத்தது.

முழங்கை ஆடியது.

மச்சான் குனிந்து கியரைப் பார்த்தார்.

வேகம் கூடியது. மணிக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர். நாற்பத்து நான்கு. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு தாங்குகிற வேகமே இல்லை. முழங்கை மறுபடி ஆடியது. இந்த முறை அதிலிருந்து ஈரத்தோல் மாதிரி ஒரு துண்டு கழன்று மச்சானின் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுக்கவில்லை. அப்போதும் கியரைத்தான் பார்த்தார்.

மூன்றாம் முறை முழங்கை ஆடவில்லை. தலை திரும்பியது.

முகத்தை நான் பார்க்கவில்லை. வாயை மட்டும் பார்த்தேன். அது திறந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நெல்லோ!" மச்சானின் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "சத்தியமா தெரியாமத்தாண்டா கை பட்டுச்சு! நீ கூப்பிட்டது கேட்டுச்சு... மூணு தடவையும் கேட்டுச்சு... ஆனா பலகை பக்கத்துல வந்திருச்சுடா!"

ஒரு காபிக்காக.

சைக்கிளைத் திருப்பி ஓடிவிடத் தோன்றியது. எதைக் கண்டு என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வளைவு வந்தது. அந்தப் பின்சக்கரம் வளையவில்லை, ஏரியை நோக்கி நேராகப் போனது. மச்சானும் நேராகவே போனார். கத்திக்கொண்டே போனார், ஆனால் ஒட்டியதை மட்டும் விடவில்லை. அக்காவுக்குச் செய்த சத்தியம் இல்லையென்றால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது. எட்டி அவர் சட்டையைப் பிடித்து மலைப்பக்கம் இழுத்தேன். இருவரும் புல்மேட்டில் போய் விழுந்தோம்.

மஞ்சள் முதுகு பனிக்குள் போனது.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் கேட்கவில்லை.

முழங்கால் ரத்தத்தோடு மச்சான் எழுந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருநூறு மீட்டர் நொண்டினார். ஊர்ப்பலகையைக் கையால் தொட்டார்.

"நான்தான் முதல்" என்றார் என்னிடம்.

காபிக்கடையில் மற்றவர்களிடம், குறுக்கே வந்த ஒரு மானைக் காப்பாற்ற விழுந்ததாகக் கதை சொன்னார். "உயிர்களிடத்தில் அன்பு வேணும்ல?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா புருஷன். ஊருக்கு ஒரே பல் டாக்டர் வேறு.

நெல்லோவின் தாய் இன்னும் என் கடையில்தான் ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறாள். "ஞாயித்துக்கிழமை என் பையனுக்குப் பூ வெச்சீங்களாப்பா?" என்று கேட்டாள். வைத்தோம் என்றேன்.

குளிர்காலத்தில் மச்சான் வாரம் மூன்று புட்டி வாய் கொப்பளிக்கும் மருந்து வாங்கினார். கடையில் நின்றபடியே கொப்பளிப்பார். வெளியே வருவது பச்சையாக இருக்கும். நோயாளிகள் பக்கத்து ஊர் டாக்டரிடம் போக ஆரம்பித்தார்கள். அவர் குனிந்தால் கல்லறைச் சாடி வாசம் வருகிறதாம்.

அக்கா அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். "தலகாணி தினமும் நனஞ்சிருக்கு. நடுவுல ஒரே கோடா, சக்கரத் தண்ணி மூஞ்சியில தெறிச்ச மாதிரி, நெத்தியிலேருந்து தாடை வரைக்கும். முழுசா கொண்டுவரச் சொன்னேன். நீ என்னத்தைடா கொண்டுவந்தே?"

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் மச்சான் இளைஞர்களையெல்லாம் தோற்கடித்தார். காட்டு ஏற்றத்தில் சங்கத்தின் இருபது வருடச் சாதனையை முறியடித்தார். தலைவரான அவரே முன்மொழிய, தலைவருக்கு ஒரு கோப்பையும் கொடுத்தார்கள்.

ஜூலையில் ஒரு மதியம், மழை கண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. தார் இளகுகிற வெயிலில் நான் தனியாக ஏரிச்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். மச்சான் என்னைத் தாண்டிப் போனார். முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, யாரோ ஒருவரின் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவர் மாதிரி. முன்னால் யாரும் இல்லை.

"ஒட்டிக்கோடா அமேதியோ! இங்க காத்தே இல்ல!"

அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. ஒட்டிக்கொண்டேன். உண்மைதான், காற்றே இல்லை. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு ஒரு சாண் முன்னால், காய்ந்த தாரின் மேல், ஈரமான டயர்த்தடம் ஒன்று தன்னைத்தானே வரைந்துகொண்டு போனது.

மச்சான் குனிந்து கியரைப் பார்த்தார்.

நான் மூச்சு வாங்க வாயைத் திறந்தேன். என் உதட்டில் ஒரு துளி விழுந்தது. குளிர்ந்து, வழவழப்பாக.

துப்பினேன். இன்றைக்கு வரைக்கும் துப்பிக்கொண்டிருக்கிறேன்.