துணிக்கிடங்கில் ஒருத்தி

பழைய கட்டடத்தின் வாசலில் ஆய்வாளர் அம்மாவின் கார் வந்து நின்றபோது, உள்ளே எல்லாம் உத்தமமாக இருந்தது. எப்போதும் சங்கிலி போட்டுக் கிடக்கும் பின்வாசல் அகலத் திறந்திருந்தது. கழிப்பறையில் சோப்புகூட இருந்தது. காற்று வாங்கக் கடற்கரைக்குப் போகிறவர்களின் நீச்சலுடையைக் காற்றே புகாத கூடத்தில் தைக்கிறவர்கள், அன்று ஒருநாள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

கர்ப்பிணிகள் மட்டும் இல்லை. இருந்தால் விடுப்பு தர வேண்டும். அது கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஆய்வு நாளில் அவர்களைத் துணிக்கிடங்கில் வைத்துப் பூட்டுவது வழக்கம். இம்முறை ஒருத்திதான். எலாஸ்டிக் தைக்கும் மூத்தவளின் தங்கை, பிசிர் வெட்டுகிறவள், ஏழு மாதம்.

"அங்க வேணாம்க்கா. போன தடவ ஒரு அக்காவ உள்ளயே மறந்துட்டாங்களே..."

"கொஞ்ச நேரம்டி. வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் தெருவுலதான். பல்லக் கடிச்சிட்டு இரு."

போன தடவை மறந்துதான் போனார்கள். ஆய்வுக் குழுவை விருந்துக்கு அழைத்துப் போன மேலாளரின் பையில் சாவியும் போய்விட்டது. உள்ளேயே மூச்சடைத்துச் செத்தவளுக்கு ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். அதையும் சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொண்டார்கள். அவள் எலாஸ்டிக் தைத்துவந்த மூலை மெஷினில் அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை.

"நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மேடம்," என்று இந்த முறையும் மேலாளர் உருகிக்கொண்டே வந்தார். ஆய்வாளர் மூத்தவளிடம் குனிந்தார். "இங்க ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?"

அப்போதுதான் கேட்டது.

டொக்.

சுவருக்கு அப்பாலிருந்து. பிறகு, நகத்தால் மெல்லக் கீறும் சத்தம்.

"எலி மேடம். துணி ருசி கண்டுடுச்சு."

ஆய்வாளர் சிரித்தார். மூத்தவள் கிடங்குச் சுவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறந்துவிடும்.

"ஒரு கொறையும் இல்ல மேடம்." சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடியே வந்தது.

கார் கிளம்பியதும் மேலாளர் பூட்டைத் திறந்தார். தங்கை வெளியே வந்தாள். முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

"பாத்தியா, குத்துக்கல்லாட்டம் இருக்கா," என்றார் அவர்.

தங்கை அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே நடந்து மூலை மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாதவள், எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக் கடகடவென்று தைக்க ஆரம்பித்தாள்.

"எந்திரிடி. அது உன் எடமில்ல."

மெஷின் நிற்கவில்லை.

மூத்தவள் அவள் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. வலுக்கட்டாயமாக எழுப்பி, வாசலை நோக்கி இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வழியில் கிடங்கின் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. உள்ளே துணிக்கட்டுகள், இருட்டு, ரப்பர் வாடை. ஆள் இல்லை.

இருட்டிலிருந்து தங்கையின் குரல் கேட்டது, மூச்சு வாங்க வாங்க.

"அக்கா... என்ன இங்க விட்டுட்டு யாரக் கூட்டிட்டுப் போற?"