மூச்சு வாங்கும் மீட்டர்

மீட்டரில் எண் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வசுமதிக்கு அப்படித்தான் தோன்றியது. நாற்பதிலிருந்து மெல்ல அறுபதுக்கு ஏறும், கொஞ்சம் தயங்கும், பிறகு மெல்ல நாற்பதுக்கே இறங்கும். தண்ணீரில் உப்போ சேறோ கலந்தால் எண் ஏறும், அது அவளுக்குத் தெரியும். இப்படித் தூங்குகிறவன் நெஞ்சு போல ஏறி இறங்கி அவள் பார்த்ததே இல்லை.

தேயிலைத் தோட்டத்துப் பழைய ஸ்டோரைக் கோயில் சங்கத்தார் டயாலிசிஸ் நிலையமாக மாற்றியிருந்தார்கள். முன்கூடத்தில் நாலு நாற்காலிகள், பின்னால் தண்ணீர் அறை. மலையோடைத் தண்ணீரை வடிகட்டி, அது மனித இரத்தத்துக்குப் பக்கத்தில் போகலாமா என்று சொல்வது வசுமதியின் வேலை. எட்டு, பத்து என்றால் சுத்தம். இருபத்தைந்தைத் தாண்டினால் அலாரம் அடித்து மெஷினுக்குப் போகும் தண்ணீரை அடைத்துவிடும். இப்போது அடைத்துவிட்டது.

சாயங்காலம்தான், ஆனாலும் பனிமூட்டம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு விளக்கைப் போட வைத்திருந்தது. ஃபேக்டரிப் பக்கமிருந்து வாடிய கொழுந்தின் வாசனை வந்தது, தொட்டியருகே குளோரின் நெடி, அதற்கும் அடியில், எங்கிருந்தென்று தெரியாமல், மென்று துப்பிய வெற்றிலையின் வாசனை. அந்த அறையில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. போட்டவர் ஒருவர்தான்.

நர்ஸ் சரோஜா வாசலில் வந்து நின்றாள்.

"வசு, தம்பிக்கு ரொம்ப மூச்சு வாங்குதுலா. போன வாட்டியே அவனுக்கு டயாலிசிஸ் தவறிப்போச்சு. இன்னும் தண்ணி வரலன்னா ஹார்ட்டு நின்னுரும்."

"அம்புலன்ஸ் என்ன ஆச்சுக்கா?"

"எங்க வர்றது? தானா ராத்தா ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கு. கோலா தெர்லா பக்கமும் லோரியெல்லாம் அப்படியே நிக்குது. நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

கூடத்தில் இன்று அவள் தம்பி கோகிலன் மட்டும்தான். மற்றவர்கள் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். காய்கறி லோரி ஓட்டிக்கொண்டு மலையை அதிர வைத்தவன், இப்போது வீங்கிய முகத்தோடு, வாயைத் திறந்து திறந்து காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். வசுமதிக்கு அவனை விட்டால் யாருமில்லை.

மீட்டர்தான் கெட்டிருக்க வேண்டும். தொட்டியிலிருந்து அளவுக்குச்சியை எடுத்துக் கழுவி, துடைத்து, வெறும் காற்றில் பிடித்தாள். சுழியம். சரி. கம்பெனிக்காரன் அளவு எழுதி அனுப்பும் உப்புக் கரைசலைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் முக்கினாள். ஆயிரத்து நானூற்றுப் பதிமூன்று. அந்தப் புட்டியில் எழுதியிருந்ததும் அதேதான். எண் அசையவே இல்லை. மறுபடி கழுவித் தொட்டிக்குள் விட்டாள்.

நாற்பது. ஐம்பது. அறுபது. தயக்கம். ஐம்பது. நாற்பது.

மீட்டர் பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. ஸ்டீல் தொட்டியின் உள்பக்கத்திலிருந்து. டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

பம்பு பார்த்துக்கொண்டிருந்த முருகையா அண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டே அப்படித்தான் தட்டுவார். மோதிர விரலை மடக்கி வெளியிலிருந்து தட்டி, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். "தொட்டி நெறஞ்சிருச்சு, வசும்மா." போன மாத மழையில், ஓடையிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் அடைத்த சருகை எடுக்கப் போனார். ஒரு பூட்ஸ் மட்டும் கிடைத்தது. ஆட்கள் ஓடைக்குக் கீழே கீழே தேடினார்கள். குழாயை யாரும் பார்க்கவில்லை. மனுஷன் நுழையக்கூடிய குழாயா அது?

"வசு!" சரோஜாவின் குரல் உடைந்திருந்தது. "ஒதடு நீலமாவுதுலா!"

வசுமதி பிறகு யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை. அளவைத் திருத்தும் பட்டனை அழுத்தினாள். உப்புக் கரைசலை வைத்துச் செய்ய வேண்டியதைத் தொட்டித் தண்ணீரை வைத்தே செய்தாள். எண் அறுபதில் தயங்கும் நேரம் பார்த்து, இதுதான் எட்டு என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அது சொன்னதைக் கேட்டுக்கொண்டது. அலாரம் ஓய்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் சரசரவென்று கூடத்தை நோக்கி ஓடியது.

"தண்ணி ஓகேயா?"

"ஓகேக்கா."

ஐந்து. எட்டு. ஐந்து. எட்டு.

மெஷின் ஓட ஓட, கோகிலனின் இரைப்பு அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபோனுக்கு லைன் கிடைக்கிறதா என்று பார்க்க வெளியே போனாள். வசுமதி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் தடவினாள். சில்லென்றிருந்தது. அவன் நெஞ்சு அமைதியாக மேலே வந்தது. கொஞ்சம் தயங்கியது. மெல்ல இறங்கியது.

அந்தத் தயக்கத்தை அவளுக்குத் தெரியும்.

கையை எடுத்துக்கொண்டாள்.

நாற்காலிக் கையில் கிடந்த அவன் விரல் ஒன்று மடங்கியது. டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

"தம்பி?"

கண்ணைத் திறந்தான். வாயைத் திறந்தான். வெற்றிலை வாசனை.

"தொட்டி நெறஞ்சிருச்சு, வசும்மா."

அக்கா என்பதைத் தவிர அவன் அவளை வேறெப்படியும் கூப்பிட்டதே இல்லை.

ஓடினாள். தண்ணீர் அறைக் கதவில் தோள் இடித்தது. மீட்டரில் எண் துடித்துக்கொண்டிருந்தது. ஐந்து எட்டு ஐந்து எட்டு ஐந்து எட்டு. இவ்வளவு நேரமும் கூடத்தில் அவள் கேட்டுக்கொண்டிருந்த அதே இரைப்பு. தொட்டிக்குள்ளே நகம் பிறாண்டும் சத்தம். தண்ணீருக்கு அடியிலிருந்து, குழைந்து குழைந்து, ஒரு குரல்.

"அக்கா..."

"இருடா! தோ வந்துட்டேன்! இருடா!"

மூடியின் போல்ட்டில் ஸ்பானர் வழுக்கியது. மறுபடி வைத்தாள். வழுக்கியது. ஒரு போல்ட் கழன்றது. இன்னும் மூன்று.

ஐந்து. எட்டு.

ஐந்து.

எட்டு.

அப்படியே நின்றது. இறங்கவில்லை. ஆடாமல் அசையாமல் எட்டு. மேலே பச்சை விளக்கு. மீட்டருக்கு அவள் சொல்லிக்கொடுத்தபடி, சுத்தமான தண்ணீர்.

பின்னால், கூடத்திலிருந்து வரும் ஈரச் சிமெண்டுத் தரையில், மெஷினின் ரத்தக் குழாயை இழுத்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்ட நடை.