ஏழாம் மாதிரி அடுக்குப் பெட்டி

காப்பியின் முதல் மிடறு தொண்டையில் இறங்கியதும் பியூலாவின் காதுக்குப் பின்னால் 'கிணிங்' என்று சின்னதாக ஒரு மணி ஒலித்தது.

"யார் கணக்குல ஏறிச்சு?" என்று கேட்டான் சாம்ராஜ். காப்பியைப் போட்டவன் அவன்தான்.

சுவரில் ஓடிய எழுத்தைப் படித்துவிட்டுப் பியூலா சொன்னாள். "டம்ளருக்குத்தான். வேற யாருக்கு?"

புதுச் சாயர்புரத்தில் எல்லா வீடுகளிலும் காலை இப்படித்தான் தொடங்கும். செவ்வாய்க் கிரகத்தின் ஒரு பள்ளத்தாக்கில், பெரிய கண்ணாடிக் குமிழுக்குள் இருந்த ஊர் அது. அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுகுத்து நாளன்றே காதுக்குப் பின்னால் அரிசி மணியளவில் ஒரு நன்றிமானியைப் பொருத்திவிடுவார்கள். மனத்தில் நன்றி சுரந்தால் அது மணியடிக்கும். அந்த நொடியில் கண் எந்தப் பொருளின்மேல் இருக்கிறதோ அந்தப் பொருளின் கணக்கில் நன்றி ஏறும்.

கணக்கைப் பார்ப்பது வடிவன். செருப்பு முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை ஊருக்கு வேண்டிய எல்லாவற்றையும் வடிவமைக்கும் இயந்திர மூளை. நன்றி குவிந்த பொருளில் என்ன இருந்ததோ அதை அடுத்த மாதிரியில் இன்னும் கூட்டும். நன்றியே வராத பொருளை மாற்றி அமைக்கும். மனிதர்களை மட்டும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. மனிதர்களை வடிவமைப்பது அதன் வேலை இல்லை. அதனால் பியூலா தன் கணவனின் முகத்தைப் பார்த்தபடியே நெகிழ்ந்தாலும், நன்றி அவன் கையிலிருந்த டம்ளருக்குத்தான் போகும்.

பூமியில் நட்சத்திரம் போட்டுப் பொருள்களை மதிப்பிட்டார்களாம், அதில் பாதி பொய்யாம் என்று ஊர்ப்பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். இங்கே பொய்க்கு இடமில்லை. மணி அடித்தால் அடித்ததுதான். வாயைத் திறந்து நன்றி சொல்லும் வழக்கமும் அதோடு நின்றுபோயிருந்தது.

'காப்பி நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, குறைஞ்சா போயிடும்?' என்று சாம்ராஜ் நினைத்துக்கொண்டான். இன்று அதைப் பேச நேரம் இல்லை. பியூலாவின் தங்கை ஜெபாவுக்குக் கல்யாணம். ஊரில் ஒலிபெருக்கி வைத்திருப்பவன் சாம்ராஜ் ஒருவன்தான்.

கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி அங்கே ஆடம்பரம் இல்லை, சட்டம். குமிழுக்குள் காற்றை மெலிதாகத்தான் வைத்திருந்தார்கள். எவ்வளவு கத்தினாலும் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஊரின் ஆரம்பகாலத்தில் ஒரு கல்யாணத்தில், பெண் சம்மதம் சொன்னது தன் காதில் விழவில்லை என்று கடைசி வரிசையில் இருந்த பெரியப்பா ஒருவர் வழக்குப் போட்டு, இரண்டு வருடம் அந்தத் தம்பதியைப் பிரித்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து விதி இதுதான்: இருவரின் சம்மதமும் சபை முழுவதற்கும் கேட்டால்தான் கல்யாணம் செல்லும்.

மாப்பிள்ளை எபனேசர் வடதுருவப் பனிவயலில் வேலை பார்ப்பவன். மாலையில் வண்டி புறப்படுகிறது. அடுத்த வண்டிக்கு ஐந்து மாதம் ஆகும். கல்யாணம் முடிந்தால் ஜெபாவும் அவனோடு ஏறுவாள். முடியாவிட்டால் அவள் இங்கே, அவன் அங்கே.

சாம்ராஜ் கோவிலுக்குப் போனபோது வடிவனின் வண்டி அவனுடைய பழைய அடுக்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிச் சாதனங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டி அது. ஊரில் உலோகம் குறைவு. புது மாதிரி வந்தால் பழையதை உடனே உருக்கிவிடுவார்கள். புதுப்பெட்டி மேடையில் பளபளவென்று நின்றது. ஏழாம் மாதிரி.

வடிவனுக்குக் கைகள் கிடையாது. பெட்டியைப் பார்த்தவுடனேயே அது தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரைத் தாங்கப் பின்பக்கம் எதுவும் இல்லை. முன்னால் நான்கு போல்ட்டை நம்பி அந்தரத்தில் தொங்க வேண்டும். போல்ட் ஏறும் இடத்துக்கு நேர் எதிரே பெட்டியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்ததால் திருப்புளி நேராக நிற்கவில்லை. நட்டுகள் பின்னால் இருந்தன. அவற்றைப் பிடிக்கக் கைவிட வேண்டிய துளை ஒரு முறுக்கின் அகலம்தான். தப்பித் தவறி நட்டு நழுவினால், செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் அது சாவகாசமாக விழுந்து, துள்ளி, மறுபடி துள்ளி, தேடவே முடியாத மூலைக்குப் போய்ச் சேரும்.

நான்கு போல்ட்டும் இறுகினால்தான் பெட்டி மின்சாரம் விடும். பாதுகாப்பாம்.

மூன்றை இறுக்குவதற்குள் சாம்ராஜின் சட்டை நனைந்துவிட்டது. நான்காவது பிடிக்கவே இல்லை. பின்னாலிருந்து யாராவது நட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கை துளைக்குள் விரல்கணு வரைதான் போயிற்று.

"இத வரைஞ்சவன் கையில கிடைச்சான்னா..." என்று பல்லைக் கடித்தான்.

"அவனுக்குக் கையும் கிடையாது, கழுத்தும் கிடையாது. எங்கேன்னு பிடிப்பீங்க?" என்றாள் பியூலா. கழுத்தில் மல்லிகைச் சரமும் கையில் திருப்புளியுமாக அவள் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கையும் மணிக்கட்டில் சிக்கி நின்றது. "ரெண்டு சுத்து இளைச்சிருந்தா போயிருக்கும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாதீங்க."

சபை நிறைந்துவிட்டது. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சாம்ராஜைப் பார்த்தார். எபனேசர் மேடையோரம் வந்து குனிந்தான்.

"உங்கள சகலைன்னு கூப்பிட்டுக்கலாமா, இல்ல அஞ்சு மாசம் பொறுக்கணுமா?"

சாம்ராஜுக்கு அழுகை வரும்போல இருந்தது. தன்னால் ஒரு கல்யாணம் நிற்கப்போகிறது. ஜெபா உடுத்தியிருந்த வெள்ளைப் பட்டுச் சேலையைப் பியூலா ஒரு வருடமாகத் தன் பங்குத் துணியை விட்டுக்கொடுத்துச் சேர்த்து வாங்கியிருந்தாள்.

அப்போது அந்த வெள்ளைப் பட்டே சரசரவென்று மேடைக்கு வந்து, பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டது.

"தள்ளுங்க அத்தான்" என்றாள் ஜெபா. "எங்க விடணும்? இதுக்குள்ளயா?"

"ஏட்டி, நீ மணப்பொண்ணு!" என்று பதறினான் சாம்ராஜ்.

"அஞ்சு மாசம் கழிச்சும் மணப்பொண்ணாவே இருக்கச் சொல்லுறீங்களா?"

அவள் கை ஒல்லி. வளையல்களோடு சேர்த்துத் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய், முழங்கைக்குக் கீழே நின்றது. விரல் நட்டைத் தொட்டது. சாம்ராஜ் முன்னாலிருந்து திருகினான். போல்ட் கடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஜெபா கையை இழுத்தாள். விளக்கு அணைந்தது, வளையல்கள் உள்ளே குறுக்கே மாட்டிக்கொண்டு கையும் வரவில்லை.

"அழுத்திக்கிட்டே இரு!" என்று சாம்ராஜும் பியூலாவும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அவள் அழுத்தினாள். விளக்கு மறுபடி எரிந்தது. போதகர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு பெட்டியின் பக்கத்துக்கே வந்து நின்றார். எபனேசரும் மண்டியிட்டுத் தன் சம்மதத்தைச் சொன்னான். வலது கை பெட்டிக்குள் இருக்க, முகத்தில் வியர்வை வழிய, ஜெபா சொன்ன "சம்மதம்" கடைசி வரிசைச் சுவரில் மோதித் திரும்பிவந்தது. தாலி கட்டும்போது அவள் தலையைச் சாய்த்து, பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

சபையில் அழாதவர் இல்லை. எல்லாக் கண்களும் அவள்மேல். அவளுக்குப் பின்னால் பெட்டி. ஒரே நேரத்தில் அத்தனை பேர் காதுக்குப் பின்னாலும் மணி அடித்தது. மெலிந்த காற்றிலும் அது கோவில் முழுக்கக் கேட்டது.

பாசி எண்ணெய் தடவி ஜெபாவின் கையை வெளியே எடுத்தார்கள். வண்டி அவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்து புறப்பட்டது.

மறுநாள் காலை வீட்டுச் சுவரிலிருந்து வடிவனின் குரல் வந்தது. எப்போதும் போலப் பதமான குரல்.

"வணக்கம், சாம்ராஜ் அவர்களே. குடியிருப்பின் வரலாற்றில் எந்தப் பொருளும் பெறாத நன்றியை ஏழாம் மாதிரி அடுக்குப் பெட்டி பெற்றிருக்கிறது. எட்டாம் மாதிரியில் பின்துளையை இன்னும் குறுகலாக்கியிருக்கிறேன்."

சாம்ராஜ் கையிலிருந்த தோசைக்கரண்டியைக் கீழே வைத்தான். "குறுகலாவா? ஏன்?"

"முதல் மாதிரியில் நான்கு நட்டுகளும் தாமாகவே பூட்டிக்கொண்டன. குழந்தைகூட மாட்டலாம். அதற்கு ஒரு நன்றியும் வரவில்லை. இரண்டாம் மாதிரியில் தவறுதலாக ஒரு துளை கோணலாக அமைந்தது. அதை மாட்டி முடித்ததும் நீங்கள் உளமார நன்றி உணர்ந்தீர்கள். அதிலிருந்து உங்கள் விருப்பத்தைப் புரிந்துகொண்டேன்."

"விருப்பமா? நாங்க அவ்வளவு திட்டினோமே, அது உனக்குக் கேக்கலியா?"

"திட்டை அளக்கும் கருவி யாருக்கும் பொருத்தப்படவில்லை."

"அந்த நன்றி பெட்டிக்கு இல்ல, ஜெபாவுக்கு! அதுக்கு முன்னால எல்லாம் இந்தா நிக்காளே, இவளுக்கு. பின்னாலருந்து நட்டப் பிடிச்சது இவதான்."

பியூலா நிமிர்ந்து பார்த்தாள்.

"மனிதர்களை நான் வடிவமைப்பதில்லை" என்றது வடிவன். "இன்னொரு செய்தி. காற்றுப்பொறி நிறுவிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. அதற்கு இதுவரை ஒரு நன்றியும் வந்ததில்லை. அடுத்த வாரம் அதைத் திருத்தி அமைக்கப்போகிறேன். உங்களுக்குப் பிடிக்கும்."

சாம்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஊர் மூச்சுவிடுவது அந்தப் பொறியால். ஒவ்வோர் அறையிலும் கூரையோரம் இருக்கும் அதன் காற்றுவாயை அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிறான். பார்த்ததாக நினைவு இல்லை.

"நன்றி வந்தா?" என்று பியூலா கேட்டாள். "காத்துக்கு நன்றி வந்தா அதத் தொடமாட்டியே?"

"நன்றி பெறும் பொருளை ஏன் தொடப்போகிறேன்?"

அந்த வாரம் ஊரே காற்றுவாயைப் பார்த்துக் கும்பிட்டது. போதகர் காற்றைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். ஒரு மணிகூட அடிக்கவில்லை. நன்றிமானியை ஏமாற்ற முடியாது. எல்லோரும் வசதியாக மூச்சுவிட்டுக்கொண்டே கும்பிட்டார்கள்.

கடைசி நாள் காலை சாம்ராஜ் காற்றுவாய்க்குக் கீழே நின்று கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "வரமாட்டேங்குது பியூலா. நல்ல காத்துதான். ஆனா காத்து காத்தாத்தான் இருக்கு."

பியூலா பக்கத்தில் வந்தாள். ஒரு கையால் அவன் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் மூக்கைப் பிடித்தாள்.

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் விழித்தான். அப்புறம் அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். அவள் விடவில்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கி, அவன் காலால் தரையை உதைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.

ஹா என்று காற்று உள்ளே போயிற்று.

கிணிங்.

அன்று முற்பகலுக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. காற்றுப்பொறியின் கணக்கு மளமளவென்று ஏறியது. வடிவன் மகிழ்ச்சியோடு அதன் திருத்தத்தைக் கைவிட்டது. இப்போது புதுச் சாயர்புரத்தில் ஜெபம் முடிந்ததும் கணவனும் மனைவியும் ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பூமியிலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு மூச்சு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் யோசிப்பதில்லை.

அன்று காலை மூச்சு நிதானப்பட்டதும் சாம்ராஜ் காப்பி போட்டுக்கொண்டுவந்து நீட்டினான். பியூலா ஒரு மிடறு குடித்தாள். மணி அடித்தது. சுவரில் டம்ளரின் பெயர் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"காப்பி நல்லாருக்குங்க" என்றாள்.

அவள் தலைக்கு நேர் பின்னால் காற்றுவாய் இருந்தது. அதனால்தான் அடுத்த நொடி சாம்ராஜின் காதுக்குப் பின்னால் அடித்த மணியும் காற்றுப்பொறியின் கணக்கிலேயே ஏறியது. கணக்கைத் திருத்தச் சொல்லி இந்த முறை அவன் வடிவனோடு சண்டைக்குப் போகவில்லை.