நான்கு விரல் மண்

கதிரவன் கொன்றைக் குன்றுக்குப் பின்னே மெல்ல இறங்கிக்கொண்டிருந்த வேளையில், நிறைமதிக்கு ஒரு நாளே குறைந்த நிலவு கீழ்வானில் எழுந்து, செம்மணியாற்றின் மீது தன் வெள்ளொளியைப் பரப்பத் தொடங்கியது. ஆற்று நீரில் அந்த நிலவு அசைந்தாடிய அழகை வருணிக்க எமக்கும் ஆசைதான், அன்புள்ள வாசகர்களே. என்ன செய்வது, அந்த ஆற்றில் நீரே இல்லை. மூன்று ஆண்டுகளாகக் கரை முதல் கரை வரை வெறும் மணல்தான். ஆயினும் அதன் தென்கரையில் அன்று மாலை விரிந்த காட்சி, நீர் நிறைந்த எந்த நதியின் காட்சிக்கும் இளைத்ததன்று. மண்வெட்டியும் கூடையுமாக நாலாயிரம் பேர் ஒரு பெரும் பள்ளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கூழ்ப்பானைகளின் அடியில் தீ எரிந்தது. எங்கோ ஒரு பாணர் தம் யாழின் நரம்புகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

யாழ் வாசிக்கிறவருக்கு ஏரி வெட்டுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பவழத்துறை நாட்டின் மகாமந்திரி வில்லவராயரும் அதைத்தான் கேட்டார்.

கதை இதுதான். தூரதேசத்தில் மூண்ட போரினால் பவழத்துறைக்கு வரவேண்டிய மரக்கலங்கள் வராமற்போயின. கலங்கள் வராததால் துணி தேங்கியது. துணி தேங்கியதால் தறி நின்றது. தறி நின்றதால் சாயம் காய்ச்சுவோர் கைகட்டி உட்கார்ந்தார்கள். வாங்குவார் இல்லாமல் குயவரின் பானைகள் அவர்கள் வாசலிலேயே தூசி படிந்து கிடந்தன. போதாததற்கு மழையும் கைவிரித்தது. வயது இருபத்திரண்டே ஆன மன்னர் அப்போது ஒரு காரியம் செய்தார். அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து, செம்மணியாற்றங்கரையில் பேரேரி ஒன்று வெட்டும்படியும், வெட்ட வருகிறவர் எக்குலத்தவராயினும் அன்றன்றைய கூலியை நெல்லாக அளக்கும்படியும் ஆணையிட்டார். பிச்சையிட்டால் வாங்கக் கூசியிருக்கும் கைகள் கூலியை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டன.

வில்லவராயர் கெட்டவர் அல்லர், பிடிவாதக்காரர், அவ்வளவுதான். "நெல் தீர்ந்த பிறகும் வானம் பொய்த்தால் என்ன செய்வீர்கள், அரசே? மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடிக்கிற நெசவாளனுக்கும் பாட்டுப் பாடுகிறவனுக்கும் ஏன் ஏரி வெட்டுகிற கூலி?" என்று சபையிலேயே வாதாடினார். கடைசியில் ஒரு நிபந்தனையின்பேரில் இணங்கினார். சித்திரை நிறைமதியன்று அவரே வந்து பள்ளங்களை அளப்பார். ஓரிடத்தில் பொய்யளவு தென்பட்டாலும் அன்றோடு ஏரிவேலை நின்றுவிடும்.

அந்த நிறைமதி நாளைதான். இன்றோ, பள்ளத்தின் நடுவே ஓர் இளைஞன், கூழையும் மறந்து, ஒரு மண்திட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் பெயர் எயினன். பார்வைக்கு வேலையிழந்த நெசவாளி. உண்மையில் மகாமந்திரியின் குதிரைச் சேவகன், லாயத்தைத் தாண்டி மாளிகைக்குள் கால் வைத்தறியாதவன், இரண்டு மாதங்களுக்கு முன் அவரால் ஒற்றனாக அனுப்பப்பட்டவன். "எல்லாவற்றையும் எழுது. எவ்வளவு ஆழம் வெட்டுகிறார்கள், யார் வேலை செய்கிறார்கள், யார் பாடிக்கொண்டு திரிகிறார்கள். அங்கே மேற்பார்வை பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாளாமே, அவள் வேளாவேளைக்கு என்ன உண்கிறாள் என்பதையும் எழுது" என்று அவர் சொன்னபோது, கடைசிக் கட்டளை மட்டும் எயினனுக்குப் புரியவில்லை. சேவகனுக்குப் புரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று குதிரையை விட்டு நடந்தே வந்து சேர்ந்தான்.

மேற்பார்வை பார்த்த அந்தப் பெண்ணின் பெயர் வல்லவி. எங்கிருந்தோ தனியாக வந்தவள், மன்னரின் முத்திரை மோதிரத்தைக் காட்டிப் பொறுப்பேற்றவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. எயினன் வந்த முதல் நாள், கூடையின் கயிறு ஒன்று அறுந்துபோக, அவள் அதை அவனிடம் நீட்டினாள்.

"நெசவாளி அல்லவா நீர்? இதைச் சற்று முடிந்து தாரும்."

எயினன் முடிந்து கொடுத்தான். அவள் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல முடிச்சு. இந்தக் கூடை இனி எங்கும் ஓடிப்போகாது" என்று சொல்லிவிட்டு, அவனை நெசவாளர் குழுவில் சேர்த்துவிட்டாள்.

அந்தச் சொல்லின் பொருள் அவனுக்கு விளங்கவே இல்லை. ஆனால் அவள் சிரித்தது மட்டும் இரண்டு மாதமாக மனத்தைவிட்டு அகலவில்லை. வாரந்தோறும் அவன் அனுப்பிய ஓலைகளில் பள்ளத்தின் ஆழம் இரண்டு வரியில் முடிந்தது, வல்லவியோ இருபது வரியில் இருந்தாள். பாணரைப் பாடவிட்டால் மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டைகள் ஒரே தாளத்தில் விழுந்து கரை இறுகுகிறது என்று அவள் கண்டுபிடித்ததை எழுதினான். எல்லோரும் உண்ட பிறகே அவள் உண்கிறாள், சில நாள் பானையில் மிச்சமிருப்பதில்லை என்று எழுதினான். அதற்கு மறுமொழியாக மந்திரியிடமிருந்து ஒரு சிறு சாடி வந்தது, உப்பில் ஊறிய நெல்லிக்காய். 'தனியே தின்னாதே' என்று மட்டும் ஓலையில் இருந்தது. எயினன் நீட்டிய ஒன்றை வாயிலிட்டதும் வல்லவி சாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கே வாங்கினீர்?"

"சந்தையில், அம்மணி."

"நெல்லிக்காயில் மிளகோடு திப்பிலியும் சேர்க்கிற சந்தையா? விசித்திரமான சந்தைதான்" என்றவளின் கண்கள் ஏனோ கலங்கியிருந்தன.

வாசகர்கள் எயினனைவிடக் கெட்டிக்காரர்கள். ஆகவே நாம் மண்திட்டுக்குத் திரும்புவோம்.

குளம் தோண்டுகிறவர்கள் ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் ஒரு தூண் அளவு மண்ணை வெட்டாமல் பழைய தரையோடு, மேலே புல்லோடு, அப்படியே விட்டுவைப்பார்கள். அதற்குச் சாட்சித்திட்டு என்று பெயர். திட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தின் அடிவரை அளந்தால் எவ்வளவு வெட்டினார்கள் என்பது தெரிந்துவிடும்; அந்த ஆழத்துக்குத்தான் நெல். நெசவாளர் பள்ளத்துச் சாட்சித்திட்டின்மேல் காய்ந்து கிடந்தது கோரைப்புல். சுற்றிலும் அந்த வெளியெங்கும் முளைத்திருந்ததோ அறுகு. நெசவாளிக்கு இரண்டும் புல்தான். ஆனால் குதிரை வளர்த்தவன் கண்ணுக்கு அது தப்புமா? அறுகைக் குதிரை ஆவலோடு தின்னும். கோரையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

எயினன் விரல்களை நுழைத்துப் பார்த்தான். உச்சி மண் பெயர்ந்து வந்தது. ஆற்றூற்றின் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து வைத்த புற்கட்டி, சரியாக நான்கு விரல் கனம்; அளந்தால் வெட்டாத அந்த ஆழமும் வெட்டியதாகவே காட்டும்.

"எவ்வளவு நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர், குதிரைச் சேவகரே?"

பின்னால் வல்லவி நின்றாள்.

"தங்களுக்கு எப்போது தெரியும்?"

"முதல் நாளே. நெசவாளர் நூலை முடிந்தால் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நீர் போட்டதோ குதிரையின் முன்னங்காலைப் பிணைக்கிற முடிச்சு."

"தெரிந்துமா எனக்குக் கூழ் வார்த்தீர்கள்?"

"நீரும் மண் சுமந்தீரே. ஒற்றர் என்பதற்காகக் கூலியைப் பிடித்துக்கொள்ளவா முடியும்?"

எயினன் புற்கட்டியைக் காட்டினான். "இது யார் கைவேலை, அம்மணி?"

"என் கைவேலை" என்றாள் அவள், தயங்காமல். "தறியில் பழகிய கைகள் அவை. முதல் பதினைந்து நாள் குழுவுக்கு மூத்தவர் குன்றனாரின் உள்ளங்கைத் தோல் மண்வெட்டிப் பிடியோடு உரிந்து வந்தது. வெட்ட வேண்டியதில் நான்கு விரல் ஆழம் குறைந்துபோயிற்று. அந்த ஆழம் கணக்கில் வராவிட்டால் நூற்றிருபது நெசவாளருக்கும் அரைவயிறு. அவர்களுக்குத் தெரியாமல் நான்தான் வைத்தேன். இப்போது அவர்கள் யாருக்கும் இளைக்காமல் வெட்டுகிறார்கள். ஆனால் அந்த நான்கு விரல் அப்படியே நின்றுவிட்டது."

"நாளை மந்திரி என்னைக் கேட்பார். நான் பொய் சொல்லமாட்டேன்."

"சொல்லும்படி நான் கேட்கவுமில்லை."

அவள் முகத்தில் அச்சம் இருந்தது. அது தனக்காக அன்று, கூழ்ப்பானைகளைச் சுற்றி அமர்ந்திருந்த அந்த நாலாயிரம் பேருக்காக என்பதை எயினன் கண்டான். இரண்டு மாதமாகப் பெயர் சொல்லத் தெரியாமல் அவன் நெஞ்சில் கிடந்த ஒன்றுக்கு அக்கணமே பெயர் கிடைத்துவிட்டது. இவளை நேசிக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்ததால் பொய் சொல்லும் எண்ணம் இன்னும் தூரப் போயிற்று.

"மந்திரி வருவது நாளை மாலைதானே? அதுவரை நான்கு விரல் மண்ணை வெட்டக்கூடாது என்று யார் சொன்னது?" என்றான்.

விடிந்ததும் வல்லவியே நெசவாளர் குழுவிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னாள். குன்றனார் தம் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கைக்காகவா பொய் சொன்னே, மகளே" என்றார் மெதுவாக. அதில் கோபம் இல்லை. ஆனால் வல்லவிக்கு அதைவிடக் கோபம் தேவலை என்றிருந்தது.

ஏரிவெட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட கரம்பன் தன் ஆட்களோடு வந்து நின்றான். "எங்க பள்ளம் நேத்தே முடிஞ்சுது, தாயே. சும்மா உக்காந்தா கை அரிக்குது. நாங்க வெட்டிப் போட்டுர்றோம்."

"வேண்டாம்ப்பா" என்று குன்றனார் மண்வெட்டியை எடுத்தார். "எங்க பள்ளம், நாங்கதான் வெட்டுவோம். வேணும்னா மண்ணை நீங்க சுமந்துகிட்டுப் போங்க."

அப்படியே நடந்தது. நூற்றிருபது நெசவாளரும் எயினனும் வெட்ட, மற்றவர்கள் சுமந்தார்கள். பாணர் அன்று திமிசுக்கட்டைப் பாட்டைப் பாடவில்லை. தறி மிதிக்கிற தாளத்தில் ஒரு பாட்டை எடுத்தார். நின்றுபோன தறிகளின் ஓசையை மாதக்கணக்கில் கேளாதிருந்த கிழவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெட்டினார்கள். எயினனின் உள்ளங்கையில் கடிவாளத் தழும்பின் மேலேயே கொப்புளம் எழும்பி உடைந்தது. பொழுது சாயுமுன் அவன் திட்டின் உச்சியிலிருந்த புற்கட்டியைத் தன் கையாலேயே எடுத்தான்.

முழுமதி எழும் நேரத்தில் மகாமந்திரி பல்லக்கிலிருந்து இறங்கினார். ஒவ்வொரு பள்ளமாக அளவுகோல் இறங்கியது. நெசவாளர் பள்ளத்தில் குறைவும் இல்லை, மிகையும் இல்லை.

"சரியாக இருக்கிறதே" என்றார் வில்லவராயர், சற்று ஏமாற்றத்தோடு.

எயினன் புற்கட்டியை ஏந்தியபடி முன்னால் வந்து வணங்கினான். "இன்று சரி, சுவாமி. நேற்றுவரை சரியில்லை. இந்த நான்கு விரல் மண் அந்தத் திட்டின்மேல் இருந்தது. இன்று பகலில் இவர்கள் அதை வெட்டி நேர் செய்தார்கள்."

"வைத்தது யார்?"

"நாங்கதான்" என்று குன்றனார் ஓரடி முன்வைத்தார்.

அவரை மெல்ல விலக்கிக்கொண்டு வல்லவி வந்து நின்றாள். "இவர்கள் அல்லர். நான் வைத்தேன், அப்பா."

நாலாயிரம் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எயினனுக்கு நெல்லிக்காய்ச் சாடி நினைவுக்கு வந்தது. தன் மடமையை எண்ணித் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஏரிவேலைக்காகத் தந்தையோடு சண்டையிட்டு, மன்னரிடம் மோதிரம் பெற்று, மாளிகையைவிட்டு இறங்கி வந்த மகாமந்திரியின் ஒரே மகள் அவள்.

வில்லவராயர் மகளின் கன்னத்து எலும்பைப் பார்த்தார். பிளவுற்ற நகங்களைப் பார்த்தார். பிறகு சபையில் பேசும் குரலில் பேசினார்.

"பொய்யளவு வைத்தவள் இனி அளவுகோலைத் தொடலாகாது. கரை முடியும்வரை இந்த நெசவாளரோடு கூடை சுமக்கக் கடவாள். ஏரிவேலையைப் பொறுத்தவரை, நான் வந்து அளக்கும்போது பொய்யளவு இருந்தால்தான் அதை நிறுத்துவதாக மன்னரிடம் சொன்னேன். நான் அளந்ததில் பொய் இல்லை. வேலை நடக்கட்டும்."

எழுந்த ஆரவாரம் அடங்கச் சற்று நேரமாயிற்று. வல்லவி கண்ணீரோடு குனிந்து ஒரு கூடையை எடுத்துக்கொண்டாள். மந்திரி எயினன் பக்கம் திரும்பினார்.

"உன் வேலை முடிந்தது, சேவகனே. குதிரை காத்திருக்கிறது."

"நெசவாளர் குழுவில் மண் வெட்ட ஆள் போதாது, சுவாமி. தாங்கள் விடை கொடுத்தால் இங்கேயே இருக்கிறேன்."

"எத்தனை நாள்?"

எயினன் கையிலிருந்த புற்கட்டியைப் பார்த்தான். அதற்குள் கரம்பன் குறுக்கிட்டான். "அதை இப்படிக் குடுங்க தம்பி. கரைக்குப் புல்லு வேணும். புல்லில்லாத கரையை மொதல் மழையே கரைச்சிடும். கோரை காஞ்சாலும் கிழங்கு சாகாது. நாலு தூத்தல் விழுந்தா தானா தலை நீட்டும்."

"அப்படியானால் இந்தக் கோரை துளிர்க்கும்வரை" என்றான் எயினன்.

வில்லவராயர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, புற்கட்டியைத் தாமே வாங்கி, கரையின் உச்சிக்கு ஏறினார். கையால் மண்ணைத் தோண்டி அதைப் பதித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"செம்மணியாற்றின்மேல் ஆணை. விதைநெல் நீங்கலாக, இந்தக் கோரை துளிர்க்கும்வரை அரசர் களஞ்சியத்தின் கதவு மூடப்படாது. மூடச் சொல்லி இனி நான் ஒரு நாளும் வாதாடமாட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கி வந்தவர், மண் ஒட்டிய கையோடு கூழ்வரிசையின் கடைசியில், மகளுக்கும் பின்னால் போய் நின்றார். தந்தையும் மகளும் எயினனும் ஒரே இடத்தில் அமர்ந்தார்கள். மந்திரி இடுப்பிலிருந்து ஒரு சிறு சம்புடத்தை எடுத்து, மகளின் கலத்தில் இரண்டு நெல்லிக்காய்களை வைத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, குதிரைச் சேவகனின் கொப்புளம் வெடித்த கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அந்த நெல்லிக்காயை அவன் கலத்தில் போட்டார்.