பதிவு செய்தவர்

உம்மாவின் எண் ஏன் சிவப்பானது என்று ரஸியாவுக்குப் பிடிபடவில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களின் உடல்நிலையைப் பதிவு செய்வது அவள் வேலை. காலையில் விளையாட்டாகத்தான் உம்மாவின் மணிக்கட்டிலும் கைப்பட்டையை மாட்டி, டேப்லெட்டில் பெயர் சேர்த்தாள். பீவி, வயது அறுபத்தாறு, சர்க்கரை இல்லை, பிரஷர் சரி.

“டப்பா என்ன சொல்லுது புள்ள? இன்னும் எத்தனை நோம்பு புடிப்பேனாம்?”

“நூறு,” என்றாள் ரஸியா. திரையில் எண்பத்தெட்டு.

ஆயிரக்கணக்கான முதியவர்களின் பதிவுகளைப் படித்து, யார் எப்போது இறந்தார்கள் என்று தானே கற்றுக்கொண்ட கணிப்பு நிரல் தந்த எண் அது. முப்பது நாளில் சாவு வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லும். கொழிஞ்சாம்பாறையில் நான்கு மாதமாக அது சிவப்பு காட்டிய பதினொரு பேரும் போய்விட்டார்கள். போன வாரம் நாச்சம்மாள். காலையில் புல்லுக்கட்டு சுமந்தவள், மாலையில் வரப்பில் கிடந்தாள். பக்கத்து வீட்டில் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாய் இருக்கும் கருப்புசாமி இன்னும் பச்சை.

மத்தியானம் அலுவலகத்தில் தனியாக, தென்னந்தோப்புக் காற்று ஜன்னல் கொக்கியை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்க, உம்மாவின் விவரங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். வயதைக் குறைத்தாள். நடையைக் கூட்டினாள். எண் அசையவில்லை. மிஞ்சியது யாரும் கவனிக்காத கடைசி வரி: பதிவு செய்தவர். தன் பெயரை அழித்து, கூட வேலை பார்க்கும் ஷபீரின் பெயரைப் போட்டாள்.

ஆறு. பச்சை.

திரும்ப ரஸியா. எண்பத்தெட்டு.

பதினொரு பேரின் பதிவுகளையும் திறந்தாள். எல்லாவற்றிலும் அவள் பெயர். ஷபீருக்கு போன் போட்டாள்.

“கஷ்டமான கேஸெல்லாம் எனக்கே தர்றாங்களா ஷபீரு?”

“இல்லீங்க்கா. ஒத்தை நம்பர் ஊடு உங்களுக்கு, ரெட்டை எனக்கு. ஏனுங்க?”

போனை வைத்தாள். உம்மாவின் பதிவில் ஷபீர் என்றே போட்டுச் சேமித்தாள். ஆறு. மூச்சு வந்தது.

பிறகு பதினைந்து.

அவள் எதையும் தொடவில்லை. உம்மாவின் கைப்பட்டை மட்டும் நொடிக்கு நொடி நாடியையும் இருக்கும் இடத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது. நாற்பது. ஜன்னல் வழியே மீன்குழம்பு வாசம். செருப்புச் சத்தம். தூக்குப்போசியோடு உம்மா.

அறுபது.

டேப்லெட்டோடு பின்கதவைத் திறந்து ஓடினாள். ஐம்பது. முப்பது. உம்மா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள்.

“உம்மா, அங்கயே நில்லுங்க!”

“கிறுக்கு புடிச்சிருச்சா புள்ள? சோறு ஆறுது.”

தீர்வு எளிது. வேலையும் செய்தது. இருவருக்கும் நடுவே நூறடி இருந்தால் எண் பச்சை. ரஸியா பின்னோக்கியே நடந்தாள். உம்மா சிரித்துக்கொண்டே நடையை எட்டிப் போட்டாள்.