ஓடாத எஞ்சினும் ஒரு சோடா மூடியும்

மார்லிஸ் ஸ்டார்ட்டர் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். விமானத்தின் பின்புறம் புரொப்பல்லர் வெறுமனே சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பத்து மணிக்கு விமானிகள் சங்கத்தின் முன்னால் அது ஓடிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால், அவள் தன் கையாலேயே கட்டிய விமானத்துக்கு இந்தத் தெற்கு டகோட்டா மைதானத்தில் இனி இடமில்லை. சங்கத் தலைவர் வெர்னன் போட்ட நிபந்தனை அது.

பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, உள்ளே முக்கோண வடிவ இரும்பு ஒன்று சுழலும். நேற்று மாலைகூடப் பட்டுப்போல ஓடியது.

“என்ன மார்லிஸ், கார் கிளம்பலையா? தள்ளிவிடட்டுமா?” வெர்னன் ஆட்களோடு வந்து நின்றார்.

“தள்ளுறதா இருந்தா முதல்ல உன்னைத்தான் தள்ளுவேன். இது இங்கதான் நிக்கும், இங்கேருந்துதான் பறக்கும்!”

மைதானத்து கேன்டீன்காரி ட்ரூடி காபிக் குடுவையோடு ஓடி வந்தாள். பின்னால் நிதானமாக அவள் கணவன் ஆர்வல். விமானங்கள் ஏன் விழுந்தன என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்புத் துலக்கி ஓய்வு பெற்ற மனிதர்.

“இதுல ஏதோ சதி இருக்கு, ஆர்வல். கண்டுபிடிச்சுக் குடு!” என்றாள் மார்லிஸ்.

வெர்னன் தினமும் காபிக் காசுக்கு ட்ரூடியிடம் பூவா தலையா போடுவார். இன்றும் போட்டார்: சட்டைப்பையைத் தடவிவிட்டு, தரையில் கிடந்த சோடா மூடியை எடுத்துச் சுண்டினார். தோற்றார்.

“வயரை எவனோ வெட்டியிருக்கான்!” ட்ரூடி எஞ்சினுக்குள் தலையை நுழைத்தாள்.

“ஒண்ணும் வெட்டல. ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டு, மார்லிஸ்,” என்றார் ஆர்வல்.

கழற்றினாள். பெட்ரோல் சொட்டியது.

“யாரும் கெடுக்கல,” ஆர்வல் தலையாட்டினார். “யாரோ இதை ஓட்டிப் பார்த்திருக்காங்க. ரோட்டரி ஆறிக் கிடக்கறப்போ ஸ்டார்ட் பண்ணி, சூடாகறதுக்குள்ள அணைச்சா, உள்ள இருக்கிற எண்ணெயைப் பெட்ரோல் கழுவிடும். அப்புறம் பிடிக்காது. சாதா எஞ்சின்ல அப்படிப் பண்ணினா ஒண்ணும் ஆகாது. அதனால ஆள் சாதா எஞ்சின்காரன்.”

“மார்லிஸைத் தவிர இங்க எல்லாருமே சாதா எஞ்சின்தானே!” என்றாள் ட்ரூடி. “அதோட, இது கத்துற கத்தல் ஊருக்கே கேட்குமே?”

“விடியக்காலைல வயலுக்கு மருந்தடிக்கிற விமானம் கிளம்பறப்போ எது கேட்கும்? அதுக்குத்தான் காத்திருந்திருக்கான். ஆனா திருட வரல, உடைக்க வரல. என்னத்துக்கு வந்தான்? மார்லிஸ், போன ஞாயித்துக்கிழமை பான்கேக் தின்னுக்கிட்டே என்ன சவால் விட்டே?”

மார்லிஸுக்குப் பளிச்சென்று புரிந்தது. “எஞ்சின் ஓடறப்போ டேஷ்போர்டு மேல ஒரு காசைச் செங்குத்தா நிக்க வெச்சா விழாதுன்னேன். அவ்வளவு அதிர்வில்லாம ஓடும்னேன்.”

“அதை யாரு ‘பச்சைப் பொய்’னு கத்தினது? இன்னிக்குக் காசில்லாம சோடா மூடியைச் சுண்டினது யாரு?”

ட்ரூடி அடுத்த கணமே காக்பிட்டுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தாள். கால்கள் மட்டும் வெளியே உதைத்தன. மேலே வந்தபோது கையில் ஒரு பழைய வெள்ளி டாலர்.

“சீட்டுக்கு அடியில உருண்டிருந்துச்சு!”

வெர்னன் எப்போதும் சுண்டும் காசு அது. மைதானத்தில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். அவர் முகம் சிவந்தது. “கெடுக்கணும்னு பண்ணல. அணைச்சா இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது. மன்னிச்சுக்கோ.”

“இவ்வளவு நேரமும் நான் திண்டாடறதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நின்னியே, அப்போ வரலையா இந்த மன்னிப்பு? அதை நீயே வெச்சுக்கோ. காசு நின்னுச்சா, விழுந்துச்சா? அதை மட்டும் சொல்லு.”

வெர்னன் திரும்பி ஓடுபாதையைப் பார்த்தார்.

“எனக்கும் அது ஒண்ணுதான் புரியல,” என்றார் ஆர்வல். “காத்திருந்து வந்தவன் ஏன் சட்டுனு அணைச்சுட்டு ஓடினான்?”

மார்லிஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்ரோலை அடைத்துவிட்டு, ப்ளக் துளைகள் வழியாக ஈரம் முழுவதும் வெளியே தெறிக்கும்வரை எஞ்சினைச் சுற்றவிட்டாள். துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். ப்ளக்குகளைத் துடைத்து மாட்டினாள். பெட்ரோலைத் திறந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஒரு செருமல். இன்னொன்று. வெள்ளைப் புகை சங்கத்துக்காரர்களையெல்லாம் மூடியது. உள்ளிருந்து உறுமல் வெடித்தது.

புகை விலகியபோது மணி பத்தாகவில்லை. மார்லிஸ் இருக்கையிலிருந்து வெர்னனையே முறைத்தாள். ட்ரூடி வெள்ளி டாலரை அவர் கையில் திணித்து, டேஷ்போர்டைக் காட்டினாள்.

வெர்னன் அதை வைக்கவில்லை. வைக்கத் தேவையுமில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே, சங்கம் முழுவதும் கேட்கும்படி கத்தினார்:

“நின்னுச்சு! நான் எஞ்சினை அணைச்சப்புறம்தான் விழுந்துச்சு!”